லோடிங் டாக்ல கால் நசுங்கிச்சு, 'பைக்ல விழுந்தான்'னு கையெழுத்துக் கேக்கறாங்க. சட்டப்படி யார் பொறுப்பு?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு பெரிய ஆன்லைன் கம்பெனியோட கிடங்குல வேலை பாக்கறேன். பேர் போடல. பெட்டி மேல அவங்க பேர் இருக்கும், என் ஐடி கார்டுல கான்ட்ராக்டர் பேர் இருக்கும். லோடு இறக்கற டீமுக்கு நான் லீடு. லீடுன்னா பெரிசா ஒண்ணும் இல்லீங்க, அதே வேலைதான், கூட ஒரு டேப்லெட்டைக் கையில கொடுத்திருப்பாங்க.

குடியரசு தினச் சேல் நேரம். நைட் ஷிஃப்ட். டாக்ல 32 அடி வண்டி ஒண்ணு நிக்குது, பாதி லோடு இன்னும் உள்ள. கூட வேலை செய்யற தம்பி ஒருத்தன், ஒடிசா கஞ்சம் மாவட்டத்துக்காரன், உள்ள இருந்து ஹேண்ட் பேலட்டை (பெட்டி அடுக்கி இழுக்கற கை வண்டி) இழுத்துக்கிட்டு வெளிய வரான். டிரைவர் பக்கத்து டாக்குக்கு அடிச்ச விசிலைத் தனக்குன்னு நெனச்சு வண்டியை எடுத்துட்டாரு. ஒரு முழம்கூட நகரல. பேலட் சக்கரம், டாக்கையும் வண்டியையும் இணைக்கற இரும்புப் பிளேட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல இறங்கி, மேல இருந்த வாட்டர் ஃபில்டர் பெட்டி அத்தனையும் சரிஞ்சு, மொத்தமா அவன் வலது பாதத்து மேல. சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் அடியோட எடுத்துட்டாங்க.

வண்டி வந்து நின்னதும் சக்கரத்துக்குக் கட்டை போடணும், சாவியை வாங்கி டாக் ஆபீஸ்ல மாட்டணும். இண்டக்‌ஷன் வீடியோல ரெண்டுமே காட்டறாங்க. ஆனா இருக்கற கட்டை எல்லா வாசலுக்கும் பத்தாது. சாவி வாங்கி, எழுதி, திருப்பிக் கொடுக்கற நேரமெல்லாம் டேப்லெட்ல சிவப்பாக் காட்டும். சேல் சமயத்துல யாரும் செய்யறதில்ல. செய்யாதேன்னு யாரும் சொன்னது கிடையாது. ஏன் லேட்டுன்னு மட்டும்தான் கேப்பாங்க.

சேஃப்டி ஷூவுக்குச் சம்பளத்துல பிடிக்கறாங்க. அவன் சைஸ் வரலைன்னு சொந்த கேன்வாஸ் ஷூலதான் வந்துட்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் கூப்பிடல. கான்ட்ராக்டரோட சூப்பர்வைசர் தன் கார்லயே ஏத்தி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இப்ப ரூமுக்கு வந்து ஒரு டைப் அடிச்ச தாள் நீட்டறார். 'விடுப்பு நாளில் நண்பரின் பைக்கில் சென்றபோது தவறி விழுந்தார்'னு இருக்கு. தம்பி ஒரு கையெழுத்து, சாட்சின்னு நான் ஒரு கையெழுத்து. போட்டா ஆஸ்பத்திரி பில் அவங்க பாத்துப்பாங்களாம், கையில 25,000, ஊருக்கு டிக்கெட்டு. தம்பி என்னைப் பாக்கறான். "பையா, நீ சொல்றதுதான்" அப்படிங்கறான். அவன் வீட்டுல கடன் இருக்கு, 25,000 அவனுக்குச் சின்னத் தொகை இல்ல.

நான் போடலைன்னா என்ன ஆகும்? அதைவிட, இதுக்குச் சட்டப்படி யார் பொறுப்பு? டிரைவரா, கான்ட்ராக்டரா, பெட்டி மேல பேர் இருக்கறவங்களா? யாரைக் கேட்டாலும் அடுத்தவனைக் கை காட்டறாங்க.

---

பழைய_சங்கத்துக்காரன்:

தோழர், கையெழுத்துப் போடாதீங்க. தம்பியையும் போட விடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

அவங்க ஏன் 'விடுப்பு நாள்'னு எழுதினாங்க, கவனிச்சீங்களா? வேலைக்கு வர வழியில விழுந்தான்னு எழுதினாக்கூட இஎஸ்ஐ-ல (சம்பளத்துல பிடிக்கற அரசுத் தொழிலாளர் காப்பீடு) அது வேலை விபத்துதான், 2010 திருத்தத்துல அதைச் சேர்த்தாச்சு. இது அந்த ஆளுக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் லீவு நாள், சொந்த வேலை, நண்பர் பைக்குன்னு மூணு பூட்டுப் போட்டிருக்கார்.

உடனே பாக்க வேண்டியது: தம்பிக்கு இஎஸ்ஐ நம்பர் இருக்கா? சம்பளச் சீட்டுல பிடிச்சிருக்காங்களா? ஆஸ்பத்திரியில ஏ.ஆர் (விபத்துப் பதிவேடு) எழுதியிருப்பாங்க, அதுல விபத்து எப்படின்னு என்ன போட்டிருக்கு? அந்தக் காப்பியை வாங்குங்க. முடிஞ்சா இஎஸ்ஐ, இழப்பீடு ரெண்டு பக்கமும் கேஸ் போடலாம்.

---

டாப்_செல்லர்_88:

டிரைவர் தூக்கக் கலக்கத்துல வண்டியை எடுத்ததுக்குக் கம்பெனி என்ன பண்ணும்? லீடா இருந்துகிட்டு நீங்களே கட்டை போடாம வேலை வாங்கியிருக்கீங்க. இப்ப கம்பெனி மேல பழி. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுக்கறாங்க, அதையும் மூடிட்டா சந்தோஷமா?

---

ஆபரேஷன்ஸ்ல_இருந்தவன்:

மேல எழுதின நண்பர் டாக் பக்கமே போனதில்லைன்னு நினைக்கிறேன். இல்லாத கட்டையை லீடு எங்கிருந்து போடுவார்?

இந்தத் துறையில பல வருஷம் இருந்தவன், இப்ப விட்டுட்டேன். 'அடுத்தவனைக் கை காட்டறாங்க'ன்னு சொன்னீங்களே, கை காட்டறதுக்கு வசதியாத்தான் எல்லாமே கட்டியிருக்கு. அந்நிய முதலீட்டு விதிப்படி (2018 டிசம்பர்ல வந்த பிரஸ் நோட் 2-ஐப் பாருங்க) ஆன்லைன் சந்தை நடத்தற கம்பெனி சரக்கைத் தானே சொந்தமா வெச்சு விக்கக் கூடாது. அதனால அலமாரியில இருக்கற சரக்கு விற்பனையாளருது. கட்டடம் வேற ஒருத்தர்கிட்ட வாடகை. கிடங்கை நடத்தறது இன்னொரு கம்பெனி, சில சமயம் அதே குழுமத்துலயே தனிப் பேர்ல. ஆள் சப்ளை கான்ட்ராக்டர். அவருக்குக் கீழ ஊர்லிருந்து ஆள் பிடிச்சு அனுப்பற ஏஜென்ட். வண்டி டிரான்ஸ்போர்ட்காரருது. கால் மட்டும்தான் அந்தப் பையனோட சொந்தக் கால்.

கான்ட்ராக்டர் ஏன் மறைக்கறார்? வாசல்ல 'விபத்தில்லாத நாட்கள்'னு ஒரு போர்டு இருக்குமே, அந்த எண் பூஜ்யமானா அவரோட மதிப்பெண் குறையும், அடுத்த வருஷம் ஒப்பந்தம் சந்தேகம். சைட் மேனேஜருக்கும் போனஸ்ல இடிக்கும். மேல இருக்கறவங்களுக்கு இப்படி ஒண்ணு நடந்ததே போய்ச் சேராது. போய்ச் சேராம இருக்கறது அவங்களுக்கும் சௌகரியம்தான்.

ஒரே ஒரு அவசர விஷயம்: டாக்ல சிசிடிவி இருக்கும். பழைய பதிவு தானா அழிஞ்சு மேல புதுசு ஏறிடும், பல இடத்துல ஒரு மாசம்கூடத் தாங்காது. தேதி, நேரம், டாக் நம்பர் போட்டு 'இந்தப் பதிவை அழிக்காதீர்கள்'னு இன்னைக்கே மெயில் அனுப்புங்க. கான்ட்ராக்டருக்கு இல்ல, கிடங்கை நடத்தற கம்பெனிக்கு. அனுப்பினதுக்கு அப்புறம் அழிஞ்சா அதுக்கு அவங்கதான் பதில் சொல்லணும்.

---

இரவுப்பணி:

எல்லாருக்கும் நன்றி. மெயில் அனுப்பிட்டேன். தம்பி பேர்ல அனுப்பினேன், அவனுக்கு வாசிச்சுக் காட்டி அவன் சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான்.

என் சம்பளச் சீட்டுல மொத்தம் 16,500, இஎஸ்ஐ-ன்னு 124 பிடிச்சிருக்காங்க. தம்பிக்கும் அதே சம்பளம்தான் பேசினது. ஆனா அவன் புதுசு, முதல் சம்பளமே இன்னும் வரல. நம்பர் இன்னும் ஜெனரேட் ஆகலைங்கறாங்க.

ஆஸ்பத்திரித் தாள்ல 'ஆர்டிஏ'ன்னு போட்டிருக்கு. ரோடு ஆக்ஸிடென்ட். சூப்பர்வைசர்தான் போய்ச் சொல்லியிருக்கார், தம்பிக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அவன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

88 சார், நான் கட்டை கேட்டது வாட்ஸ்அப் குரூப்புல இருக்கு. பதில் வரல. ஆனா அதே குரூப்புல ராத்திரி 2.40-க்கு "டாக் 14 ஏன் சிவப்பு, வண்டியை வெளிய அனுப்பு"ன்னு மெசேஜ் இருக்கு. போட்டது கான்ட்ராக்டர் ஆள் இல்ல, கம்பெனி ஃப்ளோர் மேனேஜர். டாக் 14-லதான் தம்பிக்கு அடிபட்டது.

---

காஞ்சி_வக்கீல்:

அந்த 2.40 மெசேஜைப் பத்திரமாக வையுங்கள். குரூப் உரையாடலை முழுசாக எக்ஸ்போர்ட் செய்து வேறொரு மெயிலுக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். சங்கத்து நண்பர் ரெண்டு பக்கமும் கேஸ் போடலாம் என்றார். முடியாது. இஎஸ்ஐ பொருந்துகிற தொழிலாளி அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. பழைய இஎஸ்ஐ சட்டத்தில் 53-ஆம் பிரிவு. 1996-இல் ட்ரெஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே ஏற்பாடுதான். தம்பியின் சம்பளம் இஎஸ்ஐ வரம்பான 21,000-க்குள் இருப்பதால் அவருக்கு வழி இஎஸ்ஐதான்.

'நம்பர் ஜெனரேட் ஆகல' என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். காய்ச்சல், பிரசவம் போன்றவற்றுக்குத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. வேலையில் பட்ட காயத்துக்கு அது இல்லை, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி சந்தா கட்டாததால் பலன் நின்றுபோனால், இஎஸ்ஐ கார்ப்பரேஷன் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம். யாரிடம்? இதுதான் உங்கள் கேள்விக்கு முதல் பதில். கான்ட்ராக்டர் ஆளுக்கும் சந்தா கட்டும் கடமை முதன்மை வேலையளிப்பவருடையது, அதாவது வேலை நடக்கும் இடத்தை நடத்துபவருடையது. முதலில் அவர் கட்ட வேண்டும், பிறகு கான்ட்ராக்டரிடம் கழித்துக்கொள்ளலாம்.

பணக் கணக்கையும் தம்பிக்குப் புரியும்படி சொல்லுங்கள். 16,500 என்றால் நாளுக்கு 550. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அதில் 90 சதவீதம், சுமார் 495 நாள்தோறும். ரெண்டு மாதம் படுத்திருந்தாலே 29,000-க்கு மேல். அவர்கள் நீட்டும் 25,000 இதிலேயே தாண்டிவிட்டது, சிகிச்சை தனி. பிறகு, ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் மெடிக்கல் போர்டு. பெருவிரல் தவிர ரெண்டு கால்விரல் அடியோடு போனால் சட்ட அட்டவணையில் 5 சதவீதம். அந்த 495-இல் 5 சதவீதம் என்று கணக்குப் போட்டால் மாதம் சுமார் 740 ரூபாய், ஆயுளுக்கும். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ரெண்டு விரலுக்கு அவ்வளவுதான் விலை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அது மூன்று வருஷத்துக்குள் தனியாகவே 25,000-ஐத் தாண்டும், அதற்கப்புறமும் வந்துகொண்டிருக்கும். பாத எலும்பும் சேதம் என்றால் போர்டு கூடுதலாகப் போடலாம். எக்ஸ்ரே எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

இனி, தண்டனை. இது வேறு சட்டம், வேறு அலுவலகம். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-இல், கடமை தவறியதால் கடுமையான உடற்காயம் ஏற்பட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். உறுப்பு நிரந்தரமாகப் போவது 'கடுமையான காயம்' என்ற வரையறைக்குள் வரும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க நீதிமன்றம் சொல்லலாம். ஷூவுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள் அல்லவா, அதுவும் கூடாது. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

யார் மேல்? கம்பெனி இங்கே ரெண்டு சொல்லும். ஒன்று, 'இது தொழிற்சாலையே இல்லை, வெறும் கிடங்கு'. பழைய தொழிற்சாலைகள் சட்டம் 1948 முதலே 'உற்பத்தி' என்பதன் வரையறைக்குள் விற்பனைக்காகவோ அனுப்புவதற்காகவோ பொருளைப் பொதிவதும் உண்டு. உங்கள் கிடங்கில் பேக்கிங் நடக்கிறதா, வந்த பெட்டியைப் பிரித்து அனுப்புவது மட்டுமா? பேக்கிங் இருந்தால் வாதாட இடம் உண்டு. ரெண்டு, 'ஆள் எங்களுடையவர் இல்லை'. தொழிற்சாலை விஷயத்தில் சட்டம் தேடுவது இடத்தின் மேல் இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் என்பதைத்தான். கம்பெனி என்றால் இயக்குநர்களில் ஒருவர்தான் பொறுப்பு, மேனேஜர் யாரையாவது நிறுத்திவிட்டு ஒதுங்க முடியாது என்று 1996-இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லியாகிவிட்டது.

இதற்குத்தான் அந்த மெசேஜ். கான்ட்ராக்ட் தாளில் 'மேற்பார்வை கான்ட்ராக்டருடையது' என்று அச்சடித்திருப்பார்கள். நடு ராத்திரியில் டாக் 14-ஐப் பார்த்து வண்டியை அனுப்பச் சொன்னவர் யார்? டேப்லெட்டில் சிவப்பு எரிய எத்தனை நிமிஷம் என்று முடிவு செய்தவர் யார்? வேகத்தை நிர்ணயிப்பவர் பாதுகாப்புக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

---

எடிசன்_அக்கா:

தம்பி, நியூஜெர்சிலருந்து எழுதறேன். வக்கீல் கடைசியா சொன்ன விஷயத்துக்காகத்தான் இங்கயும் சண்டை நடக்குது.

2021 டிசம்பர் 10-ந் தேதி இல்லினாய்ஸ்ல எட்வர்ட்ஸ்வில்ங்கற ஊர்ல அமேசான் கிடங்கைச் சூறாவளி அடிச்சு ஆறு பேர் செத்துப்போனாங்க. அன்னைக்கு அங்க இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஒப்பந்த டெலிவரி கம்பெனி ஆளுங்க. மத்தியப் பாதுகாப்பு அமைப்பு ஓஷா விசாரிச்சு, அடுத்த ஏப்ரல்ல ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் கொடுத்துச்சு. அபராதம் கிடையாது. குடும்பங்கள் தனியா வழக்குப் போட வேண்டியதாச்சு. பெரிய நாடு, கடுமையான சட்டம்னு அங்க இருந்து பாக்கறப்ப தோணும்.

ஆனா கலிஃபோர்னியாக்காரங்க வேற பக்கமா வந்தாங்க. 2022 ஜனவரிலேருந்து அங்க ஏபி 701-ன்னு ஒரு சட்டம். ஒரு மணிக்கு எத்தனைங்கற இலக்கைத் தொழிலாளிக்கு எழுத்துல கொடுத்தாகணும், பாத்ரூம் போறதையோ பாதுகாப்பு விதியையோ தடுக்கற இலக்கு செல்லாது. 2024-ல மொரேனோ வேலி, ரெட்லாண்ட்ஸ் கிடங்குகள்ல இலக்கை எழுதிக் கொடுக்கலைன்னு அமேசானுக்கு 59 லட்சம் டாலர் அபராதம் விதிச்சாங்க. 'எங்ககிட்ட நிலையான இலக்கே இல்லை'ன்னு கம்பெனி மறுத்துச்சு. ஓஷாகூட 2024 டிசம்பர்ல உடல் தேய்மானக் காயங்களுக்காக நாடு முழுக்கச் சேர்த்து ஒரு சமரசம் பண்ணிச்சு: 1,45,000 டாலர். அந்த ரெண்டு தொகையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிரான்ஸ்லயும் ஸ்கேனர் சும்மா இருக்கற நிமிஷத்தை எண்ணினதுக்கு அங்க இருக்கற தரவுப் பாதுகாப்பு அமைப்பு 3.2 கோடி யூரோ போட்டுச்சு.

எனக்குத் தோணறது, காலைக் காட்டி நியாயம் கேட்டா டிரைவர், கான்ட்ராக்டர்னு பேச்சு திரும்பிடும். கடிகாரத்தைக் காட்டிக் கேட்டா திரும்ப இடமில்ல. உங்க டேப்லெட்ல ஒரு வண்டிக்கு எவ்வளவு நேரம் வெச்சிருக்காங்க, கட்டை போட்டுச் சாவி வாங்க உண்மையா எவ்வளவு ஆகுது, இதை முதல்ல எழுதி வைங்க.

---

இரவுப்பணி:

அக்கா, டேப்லெட்டைப் படம் எடுக்க முடியாது. உள்ள போன் கூடாது, வெளிய லாக்கர்ல வெச்சுட்டுத்தான் போவோம், வரும்போது செக்யூரிட்டி தடவிப் பாப்பான். ஃப்ளோர் மேனேஜர் மட்டும் போன் வெச்சுக்கலாம். குரூப் மெசேஜை நாங்க பிரேக்லதான் பாப்போம்.

வக்கீல் சார், பேக்கிங் நடக்குது. மேல் மாடி முழுக்க பேக்கிங் டேபிள்தான், அதுல பொண்ணுங்கதான் அதிகம்.

இந்த 740 ரூபாயைத் தம்பிகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், மாசா மாசம் வருமா, ஊருக்குப் போனாலும் வருமான்னு கேட்டான்.

---

ஆபரேஷன்ஸ்ல_இருந்தவன்:

ஊருக்குப் போனாலும் பேங்க் கணக்குல வரும். உயிரோட இருக்கறதுக்குச் சான்று கொடுத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.

படம் வேணாம், நினைவுல இருந்து எழுதினாப் போதும். நேரக் கணக்கு எல்லாம் அவங்க சர்வர்ல இருக்கும், விசாரணை அதிகாரி கேட்டா கொடுத்தாகணும். என்ன கேக்கணும்னு அவருக்குத் தெரியணும், அதுதான் உங்க வேலை. 'டாக் 14, அன்னைக்கு இரவு, வண்டி டர்ன்அரவுண்ட் ரிப்போர்ட் (வண்டி வந்து போன நேரக் கணக்கு), சாவி ரிஜிஸ்டர், கட்டை இருப்புப் பதிவு'ன்னு பேரைச் சொல்லி மனுவுல எழுதுங்க. பொதுவா 'பாதுகாப்பு இல்லை'ன்னு எழுதினா பொதுவாவே பதில் வரும்.

இன்னொண்ணு. இங்க விசாரணையே நடக்காதுன்னு நினைக்க வேண்டாம். 2024-ல மானேசர் அமேசான் கிடங்குல லோடு இறக்கி முடிக்கற வரை தண்ணி குடிக்க, பாத்ரூம் போக மாட்டோம்னு ஆளுங்களை உறுதிமொழி எடுக்க வெச்ச செய்தி பத்திரிகைல வந்ததும் தேசிய மனித உரிமை ஆணையம் தானா நோட்டீஸ் கொடுத்துச்சு. அது ஏதோ ஒரு இடத்துல தனியா நடந்ததுன்னு கம்பெனி சொல்லிச்சு. ஆனா நடக்கவே இல்லைன்னு சொல்ல முடியல.

---

இரவுப்பணி:

காலைல சூப்பர்வைசர் திரும்ப வந்தார். போடலைன்னு சொல்லிட்டேன். தம்பியும் தலையை ஆட்டி மாட்டேன்னுட்டான். அவர் ஒண்ணும் சத்தம் போடல. மதியம் மெசேஜ் வந்திருக்கு: "உங்களுக்கு இன்னைலேருந்து ரெஸ்ட். தேவைன்னா கூப்பிடறோம்."

---

பழைய_சங்கத்துக்காரன்:

வக்கீல் திருத்தினது சரி, நான் பழைய ஞாபகத்துல எழுதிட்டேன்.

அந்த 'ரெஸ்ட்' மெசேஜையும் சேர்த்து வைங்க. தற்காலிக ஊனப் பலன் வாங்கற காலத்துல தம்பியை வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அது உங்களுக்குப் பொருந்தாது, உங்களுக்குத் தனி மனு. ரெண்டையும் ஒரே தாள்ல போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது இதுதான். ஆஸ்பத்திரி மருத்துவக் கண்காணிப்பாளருக்குத் தம்பி கையெழுத்துல ஒரு கடிதம்: விபத்து விவரத்தை நான் சொல்லவில்லை, வேறொருவர் சொன்னார், நடந்தது இது, பதிவில் சேர்க்கவும். ஒடியாவுல அவனே எழுதட்டும், கீழ தமிழ்ல நீங்க எழுதுங்க. அதோட நகலை வெச்சு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு ஒரு விபத்து அறிவிப்பு. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தோட இணை இயக்குநருக்கு ஒரு புகார், ஆபரேஷன்ஸ் நண்பர் சொன்ன ரிப்போர்ட் பேரெல்லாம் அதுல. எல்லாத்துக்கும் ஸ்பீட் போஸ்ட் ரசீது வேணும்.

தம்பியோட ஆதார், பேங்க் பாஸ்புக், கேட் பாஸ் இருந்தா அது, உங்க சம்பளச் சீட்டு. அப்புறம் அவன் அன்னைக்குப் போட்டிருந்த கேன்வாஸ் ஷூ எங்க இருக்கு? ரூம்ல இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. தனிச்செய்தியில உங்க நம்பர் அனுப்புங்க, ஹிந்தி பேசற தோழர் ஒருத்தரையும் கூட்டிட்டு வரேன்.